மண்டிக் கணினிக்கு இரண்டு சாவி: லினக்ஸ் மின்ட்டில் நிர்வாகி உரிமையும் சொந்தக் கோப்புகளும்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். அலுவலகத்தில் மூன்று கணினிகள். இரண்டு 2014இல் வாங்கியவை, நான்காம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். பத்தாண்டுகள் ஒரு நாள்கூட மக்கர் செய்யாத பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. தீபாவளி முடிந்து மஞ்சள் வரத்து குறைந்திருந்த வாரத்தில் இரண்டிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸில் ஓடுவது என்பதால் மூன்றாவது கணினியைத் தொடவில்லை.

நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாள் காலையில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. எங்கள் கணினிகளில் மூன்று பேர் உட்காருகிறோம்: நான், பில் போடும் தம்பி, மாலையில் வரும் முதலாளியின் பேரன். யாருக்கு எந்த அதிகாரம், யாருடைய கோப்பு எங்கே என்று முதல் நாளே பிரித்து வைக்காவிட்டால் தை மாதம் புது மஞ்சள் வரும்போது உட்கார்ந்து பிரிக்க நேரம் இருக்காது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஒரே கணினியைக் கணவர், பிள்ளைகள், மாமியார் என்று நாலு பேர் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே முறைதான்.

முதல் சாவி, இரண்டாம் சாவி

லினக்ஸில் எல்லாவற்றுக்கும் மேலே ரூட் என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய எண் 0. அவர் எதையும் செய்யலாம், எதையும் அழிக்கலாம். மின்ட், அதற்கு அடிப்படையான உபுண்டு இரண்டிலும் ரூட்டாக நேரடியாக உள்ளே நுழையும் வழியைப் பூட்டியே கொடுத்திருக்கிறார்கள். நிறுவும்போது நாம் உருவாக்கும் முதல் கணக்குக்கு எண் 1000. அந்தக் கணக்கு, தேவைப்படும்போது தன் கடவுச்சொல்லைக் கொடுத்து ரூட்டின் அதிகாரத்தை வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கித் தரும் கருவிக்குப் பெயர் சூடோ. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது, இன்றும் அதே பெயரில் வேலை செய்கிறது.

பெரும்பாலோர் அந்த முதல் கணக்கிலேயே எல்லா வேலையையும் செய்வார்கள். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிடங்குச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போவதில்லை அல்லவா? நிறுவும்போது உருவாக்கிய கணக்கை நிர்வாகத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, நான் உள்பட மூன்று பேருக்கும் சாதாரணக் கணக்குத் திறந்தேன். மெனுப் பட்டியில் நிர்வாகம் என்ற பிரிவில் யூசர்ஸ் அண்டு குரூப்ஸ் இருக்கிறது. உள்ளே போனதும் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். புதிய பயனரைச் சேர்க்கும்போது கணக்கின் வகை என்ற இடத்தில் ஸ்டாண்டர்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் என இரண்டு தெரியும். ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுங்கள். பெயரைத் தமிழில் எழுதலாம். பயனர் பெயர் மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். கணக்கை உருவாக்கியதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பயனரைச் சொடுக்கினால் கடவுச்சொல் அமைக்கும் இடம் இருக்கும், அதையும் நிரப்பிவிட்டு வெளியே வாருங்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் முதல் கணக்கிலேயே வேலை செய்துவிட்டவர்கள் கோப்புகளை நகர்த்த வேண்டியதில்லை. புதிதாக இன்னொரு நிர்வாகிக் கணக்கை உருவாக்குங்கள். அதில் ஒருமுறை நுழைந்து, ஏதாவது ஒரு சிறு மென்பொருளை நிறுவிப் பாருங்கள். அது நடந்த பிறகுதான் பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக இறக்க வேண்டும். வரிசை மாறினால் கணினியில் நிர்வாகியே இல்லாமல் போய்விடும். மீட்கலாம், ஆனால் ஒரு முழு நாள் போகும்.

இப்படிப் பிரித்த பிறகு என்ன நடக்கிறது என்றால், தம்பி ஏதாவது நிறுவப் போனால் திரையில் ஒரு சிறு பெட்டி வந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அவனுக்கு அது தெரியாது. "அக்கா, இது ஏதோ கேட்கிறதுங்க" என்று எழுந்து வருவான். நான் போய் என்ன கேட்கிறது, எதற்குக் கேட்கிறது என்று படிப்பேன். அந்த அரை நிமிடம்தான் முழுப் பாதுகாப்பும். பிரிண்டருக்கு டிரைவர் என்றால் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுப்பேன். எங்கிருந்தோ இறக்கிய, பெயர் தெரியாத மென்பொருள் பொட்டலம் என்றால் மூடிவிடுவேன்.

கட்டளைகளைத் தட்டும் சன்னலான முனையத்தில் சூடோ கொடுக்கும்போது மின்ட்டில் கடவுச்சொல்லுக்குப் பதில் நட்சத்திரக் குறிகள் தெரியும். உபுண்டு 24.04இல் எதுவுமே தெரியாது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாமல் தட்டி முடித்து எண்டர் கொடுங்கள். ஒருமுறை கொடுத்தால் அதே முனையத்தில் 15 நிமிடங்களுக்குத் திரும்பக் கேட்காது. அதனால் வேலை முடிந்ததும் அந்த முனையத்தை மூடிவிட்டு எழுந்திருங்கள்.

தம்பி திறந்த சிவப்புப் பட்டை

கணக்குகளைப் பிரிப்பதற்கு முன்பு, முதல் வாரத்தில் நடந்தது இது. அப்போது மூவரும் முதல் கணக்கிலேயே இருந்தோம். தம்பி ஏதோ ஒரு கோப்புறையில் எழுத முடியவில்லை என்று வலது சொடுக்கில் ஓப்பன் ஆஸ் ரூட் என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். புதிய சன்னல் திறந்திருக்கிறது. மேலே சிவப்புப் பட்டை. உயர் அதிகாரத்தோடு இருக்கிறீர்கள் என்பதற்கான எச்சரிக்கை அது. அவன் அதைக் கவனிக்காமல், அதே சன்னலிலேயே டாக்குமென்ட்ஸுக்குள் போய் வரத்துப் பட்டியலுக்கு ஒரு கோப்புறை உருவாக்கி, ஏழு விரிதாள்களை அங்கே ஒட்டிவிட்டான்.

மறுநாள் காலை நான் திறந்தால் ஒவ்வொன்றின் மேலும் சின்னப் பூட்டுப் படம். லிப்ரே ஆபிஸ் படிக்க மட்டும் என்கிறது. விரலி ஒரு விலை, கிழங்கு ஒரு விலை என்று அன்றைய ஏல விவரத்தைப் பதிய வேண்டும், பதிய முடியவில்லை. கோப்பு கெட்டுவிட்டதோ என்று எனக்குக் கை நடுங்கியது. கெடவில்லை. ரூட்டின் சன்னலில் உருவானதால் அவற்றின் உரிமையாளர் ரூட் ஆகிவிட்டார், அவ்வளவுதான். வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ் என்று போனால் உரிமையாளர் என்ற இடத்தில் ரூட் என்று இருந்தது.

இதற்கு எளிய வைத்தியம் உண்டு. படிக்க அனுமதி இருக்கும் எந்தக் கோப்பையும் நகல் எடுக்கலாம். நகலின் உரிமையாளர் நகல் எடுத்தவர்தான். அந்தக் கோப்புறையை முழுதாக நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினேன். ஏழு கோப்புகளும் என் பெயருக்கு வந்தன, பூட்டுப் படம் மறைந்தது. ஒவ்வொன்றையும் திறந்து கடைசி வரியைச் சரிபார்த்த பிறகு, பழையதைச் சிவப்புப் பட்டைச் சன்னலில் போய் அழித்தேன். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி: சிவப்புப் பட்டை தெரிந்தால் அந்தச் சன்னலில் மண்டி வேலை எதுவும் செய்யக் கூடாது.

சொந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும்

ஒவ்வொரு பயனருக்கும் ஹோம் என்ற தனி வீடு உண்டு. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான். சாதாரணப் பயனர் தன் வீட்டுக்கு வெளியே, கணினியின் பிற பகுதிகளில் பொதுவாக எழுத முடியாது. அதனால்தான் ஒருவர் தவறு செய்தாலும் கணினி நிற்கிறது.

ஒருவரின் வீட்டை இன்னொருவர் எட்டிப் பார்க்கலாமா? பழைய உபுண்டுவில் பார்க்கலாம். 21.04 பதிப்பிலிருந்து புதிய வீடுகள் 750 என்ற அனுமதியோடு உருவாகின்றன, அதாவது பிறருக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் உங்கள் கணினியில் நீங்களே பாருங்கள். உங்கள் ஹோம் கோப்புறையின் பெர்மிஷன்ஸில் மூன்று வரிசை இருக்கும்: உரிமையாளர், குழு, பிறர். பிறர் என்ற இடத்தில் நன் (None, அதாவது எதுவும் இல்லை) என்று இருந்தால் கதவு மூடியிருக்கிறது. இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

750 என்ற எண்ணைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. படிக்க 4, எழுத 2, கோப்புறைக்குள் நுழைய 1. மூன்றும் சேர்ந்தால் 7. படிக்கவும் நுழையவும் மட்டும் என்றால் 5. எதுவும் இல்லையென்றால் 0. முதல் எண் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும்.

பழைய டி டிரைவை அப்படியே வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வட்டு முறையில் இருக்கும். மின்ட் அதைத் திறக்கும், எழுதவும் விடும். ஆனால் மேலே சொன்ன அனுமதிகள் அங்கே வழக்கமாகச் செல்லாது. பெர்மிஷன்ஸில் மாற்றினாலும் பழையபடி திரும்பிவிடும். சில சமயம் படிக்க மட்டும் திறக்கும். விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் முறையில் அரைத் தூக்கத்தில் அணைந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திவிட்டு முழுதாக அணைத்தால் சரியாகும். என் முடிவு இது: ரகசியம் வேண்டிய எதையும் அந்த டிரைவில் வைக்காதீர்கள். குடும்பப் படம், பட்டா, ஆதார் நகல் எல்லாம் ஹோமுக்கு வரட்டும்.

டி டிரைவிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நகலெடுத்து வந்த சாதாரண உரைக் கோப்பைத் திறக்கும்போது இதை இயக்கவா, காட்டவா என்று மின்ட் கேட்கக்கூடும். என்டிஎஃப்எஸ், ஃபேட் வட்டுகளில் எல்லாக் கோப்புகளும் இயக்கத்தக்கவை போலத் தெரிவதால் வரும் கேள்வி அது. காட்டு என்பதையே தேர்ந்தெடுங்கள். பெர்மிஷன்ஸில் இயக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிட்டால் மறுபடி கேட்காது.

பொதுக் கோப்புறை

எனக்கு மிகவும் நேரம் எடுத்தது இதுதான். வரத்துப் பட்டியல் மூவருக்கும் வேண்டும். ஆனால் யாருடைய வீட்டுக்குள்ளும் மற்றவர் போகக் கூடாது. யூசர்ஸ் அண்டு குரூப்ஸில் குழுக்கள் என்ற பகுதியில் கணக்கு என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரு குழு உருவாக்கினேன். மூவரின் பெயரையும் அதில் சேர்த்தேன். சேர்த்தவுடன் பலன் தெரியாது. ஒவ்வொருவரும் வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். இது தெரியாமல் ஒரு மணி நேரம் எங்கே தப்பு என்று தேடினேன்.

பிறகு சிவப்புப் பட்டைச் சன்னலில், எல்லோருடைய வீடுகளும் இருக்கும் இடத்தில் (/home), மண்டி என்று ஒரு கோப்புறை. அதன் பெர்மிஷன்ஸில் குழு என்ற இடத்தில் கணக்கு என்ற அந்தக் குழு; குழுவுக்கு உருவாக்கவும் அழிக்கவும் அனுமதி; பிறருக்கு எதுவும் இல்லை. இதுவரை சுட்டியால் முடியும். இனி வருவது நிர்வாகிக் கணக்கில் திறந்த முனையத்தில். சூடோ (sudo), அனுமதியை மாற்றும் கட்டளையான சிஎச்மோட் (chmod), 2770 என்று மூன்றையும் நடுவே இடைவெளி விட்டுத் தட்டுங்கள், சொற்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில். இன்னோர் இடைவெளி விட்டு, கோப்புறையைச் சுட்டியால் இழுத்து முனையத்தின் மேல் போடுங்கள். அதன் முழுப் பாதை தானே வந்து விழும். பாதையைக் கையால் தட்டினால் ஓர் எழுத்துப் பிழையில் வேறு கோப்புறையின் அனுமதி மாறிவிடும். இழுத்துப் போடுவதே பத்திரம்.

770 புரிந்திருக்கும். முன்னால் இருக்கும் 2தான் முக்கியம். அது இல்லாவிட்டால் தம்பி உருவாக்கும் கோப்பு தம்பியின் சொந்தக் குழுவுக்குப் போகும், என்னால் திருத்த முடியாது. 2 இருந்தால் உள்ளே உருவாகும் ஒவ்வொன்றும் கோப்புறையின் குழுவையே எடுத்துக்கொள்ளும். முடித்ததும் ஒருவர் ஒரு விரிதாளை உருவாக்கட்டும், இன்னொருவர் தன் கணக்கில் நுழைந்து அதைத் திறந்து ஓர் எண்ணை மாற்றிச் சேமிக்கட்டும். சேமிக்க முடிந்தால்தான் வேலை முடிந்தது.

இன்னொரு நுணுக்கம். டாக்குமென்ட்ஸில் இருக்கும் கோப்பை வெட்டி இங்கே ஒட்டினால் அது பழைய குழுவோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். நகலெடுத்து ஒட்டினால் புதிய குழு கிடைக்கும். எனவே நகலெடுங்கள், பிறகு பழையதை அழியுங்கள்.

அழிப்பது பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பில் இல்லை, அது இருக்கும் கோப்புறையில் இருக்கிறது. கோப்பைப் படிக்க மட்டும் என்று மாற்றி வைத்தாலும், கோப்புறையில் எழுத அனுமதி உள்ளவர் அதை அழித்துவிடலாம். விவசாயிகள் கையெழுத்திட்ட சீட்டுகளை ஸ்கேன் செய்து வைக்கும் கோப்புறைக்கு எனக்கு இது பெரிய கவலையாக இருந்தது. ஒரு வண்டி மஞ்சளின் எடை அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. அதற்கு 2770க்குப் பதில் 3770 கொடுத்தேன். கூடுதலாகச் சேரும் 1, கோப்பை உருவாக்கியவரும் கோப்புறையின் உரிமையாளரும் தவிர வேறு யாரும் அதை அழிக்கவோ பெயர் மாற்றவோ விடாது. பலரும் சேர்ந்து திருத்தும் விரிதாள்களுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். போட்டு வைத்துவிட்டுப் பார்க்க மட்டும் செய்யும் கோப்புகளுக்குத்தான் இது பொருந்தும்.

பூட்டு வேறு, பெட்டகம் வேறு

இந்த அனுமதிகள் எல்லாம் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது நம்மிடையே இருக்கும் ஒழுங்கு. கணினியையே எடுத்துக்கொண்டு போனவரை இவை தடுக்காது. ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து துவக்கினால் வட்டில் இருப்பதெல்லாம் தெரியும். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் நிறுவும்போதே குறியாக்கத்தை, அதாவது கடவுச்சொல் இல்லாமல் வட்டைப் படிக்க முடியாதபடி மாற்றும் வசதியை, தேர்ந்தெடுத்துவிடுங்கள். மின்ட்டின் நிறுவியில் ஹோம் கோப்புறையை மட்டும் குறியாக்கும் வசதியும் இருக்கிறது. அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் கோப்பும் தொலைந்தது. எங்கள் நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். "எனக்கு எதற்கு அம்மிணி இதெல்லாம்?" என்று பெரியவர் கேட்டார். நான் நாளைக்கு வராவிட்டால் வேண்டும் என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

நகல் எடுப்பதில் மிகப் பெரிய குழப்பம் டைம்ஷிஃப்ட். மின்ட்டோடு வருகிறது, முதல் நாளே அமைக்கச் சொல்கிறது. அமைத்தவர்கள் தங்கள் படங்களும் கணக்குகளும் பத்திரமாகிவிட்டன என்று நம்பிவிடுகிறார்கள். ஆகவில்லை. அது இயங்குதளத்தின் நிலையைத்தான் சேமிக்கிறது. ஹோம் கோப்புறைகளை வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. ஒரு புதுப்பித்தல் கெடுத்தால் நேற்றைய நிலைக்குப் போக அது அருமையான கருவி. அதில் ஹோமையும் சேர்த்துவிட்டால், இயங்குதளத்தை ஒரு வாரம் பின்னுக்குக் கொண்டுபோகும்போது உங்கள் ஒரு வாரக் கணக்கும் கூடவே பின்னுக்குப் போய்விடும். சேர்க்காதீர்கள்.

ஹோமுக்கு மின்ட்டிலேயே பேக்கப் டூல் இருக்கிறது. புற வட்டு ஒன்றைச் செருகி அதில் எடுக்கிறேன். அந்த வட்டு ஃபேட் 32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது, நகல் பாதியில் நின்றுவிடும். புதிய வட்டை லினக்ஸின் ஈஎக்ஸ்டி 4 முறையில் வடிவமைத்துக்கொள்ளுங்கள், அனுமதிகளும் அதில் நிற்கும். மறைந்திருக்கும் கோப்புறைகளையும் சேர்க்க மறக்க வேண்டாம். புள்ளியில் தொடங்கும் பெயருள்ளவை சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும். தண்டர்பேர்டின் மின்னஞ்சல்கள் முழுவதும் அப்படி ஒரு கோப்புறைக்குள்தான் இருக்கின்றன. பேக்கப் டூல் உங்கள் வீட்டை மட்டுமே எடுக்கும். பொதுக் கோப்புறை அதற்கு வெளியே இருப்பதால் அதைத் தனியாக நகலெடுக்க வேண்டும்.

நான் இதை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை செய்கிறேன். நகல் முடிந்ததும் வட்டிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்ப்பேன். போன மாதம் கையில் வந்தது 2019 மாசியில் அந்தியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் சீட்டு. எடை, சாக்கு எண்ணிக்கை, அவருடைய கையெழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன. மூடிவிட்டு வட்டைக் கழற்றி, இரும்புப் பெட்டியில் அந்த உறைக்குப் பக்கத்தில் வைத்தேன்.